நூறாம் நம்பரின் கடைசி ஈற்று

மே 2, வியாழன்

எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எழுதுகிறேன். கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர் ஃபிலோமினா மேடம் எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். ஜூன் பத்தொன்பது இரண்டாவது விசாரணை. அதுவரைக்கும் மனசில் பட்டதை ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். யாருக்கும் காட்ட வேண்டாமாம். யாருக்கும் காட்டாததை எதற்கு எழுதுவது என்று கேட்டேன். "காட்டறதுக்குன்னா நீங்க பொய் எழுதுவீங்க சார்" என்றார். என்னைப் பார்த்து இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதற்குள் இப்படி ஒரு பேச்சு.

புது நோட்டு வாங்கவில்லை. பெயிண்ட் கம்பெனிக்காரன் போன வருஷம் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் ஒரு ஷேடு அச்சடித்திருக்கிறான். இன்றைய பக்கத்துக்கு 'ஈரக் களிமண்'. பழைய கிழமையை அடித்துவிட்டுப் புதுக் கிழமையை எழுதிக்கொள்கிறேன்.

நான் திருமூர்த்தி. வயது நாற்பத்து நான்கு. பொள்ளாச்சியில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷின் என் பொறுப்பு. மனைவி வசுமதிக்கு நூல் மில்லில் தரம் பார்க்கிற க்யூ.சி. லேபில் வேலை. இப்போது வேடசந்தூர் பக்கம் மில் விடுதியில் இருக்கிறாள். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று டிசம்பரில் மனு கொடுத்தோம். ஆறு மாசம் யோசியுங்கள் என்று சட்டம் தவணை கொடுக்கிறது. நான் யோசித்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் தூங்குகிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காகப் பிரியவில்லை. கேட்கிற எல்லாரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள் என்பதால் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

மனசில் பட்டதை எழுத ஆரம்பித்தால் அது எங்கேயோ போகும். குதிரைகளைப் பற்றி எழுதுகிறேன்.

மே 5, ஞாயிறு

நிஜக் குதிரை இல்லை. கம்ப்யூட்டரில் வளர்க்கிற குதிரை. ஊரடங்கு நாட்களில் மில்லும் கிடையாது, கடையும் கிடையாது. ஒரு நாள் வசு போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன், ஒரு பழுப்புக் குதிரை புல் தின்றுகொண்டிருந்தது. அப்படி ஆரம்பித்தது. மறுவாரமே ஒரே பண்ணை, இரண்டு சொந்தக்காரர்கள் என்று பதிவு செய்தோம். இன்றைக்கு நாற்பத்தொரு குதிரை நிற்கிறது.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு விஷயம். ஒன்று நிறம். இன்னொன்று தரம்: ஓட்டம், மூச்சு, நடை, உடம்புக் கட்டு எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு ஒரு மதிப்பெண். நிறத்தைத் துரத்தினால் தரம் இறங்கும். தரத்தைத் துரத்தினால் எல்லாக் குதிரையும் தவிட்டு நிறத்தில் வந்து நிற்கும். நான் நிறம். அவள் தரம். இது யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை.

என் குதிரைகளுக்கு ஷேடு கார்டிலிருந்து பெயர் வைத்தேன்: மழைமேகம், ஈரக் களிமண், புகைநீலம். அவள் நூல் நம்பரை வைத்தாள்: நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் சன்னம் என்பது மில் கணக்கு. அவளுடைய பெட்டைக் குதிரைகளில் சிறந்ததற்கு நூறாம் நம்பர் என்று பெயர். தரம் 97. பார்க்கக் காய்ந்த வறட்டி மாதிரி இருக்கும்.

என் நிற வம்சம் ஒன்று, அவள் தர வம்சம் ஒன்று. மூன்றாவதாக ஒரு கலப்பு வம்சம், அது இரண்டு பேருக்கும் பொது. புகைநீல நிறத்தில் 95-க்கு மேல் தரம் உள்ள ஒரு குதிரை. அதுதான் இலக்கு. நான்கு வருஷமாக அதற்காக ஒரு தலைமுறை நிறத்தை ஏற்றுவோம், அடுத்த தலைமுறை இழந்த தரத்தை மீட்போம், மறுபடி நிறம் போய்விடும். அந்த நிறம் அப்பன் ஆத்தா இரண்டு பேரிடமும் இருந்தால்தான் குட்டியில் வெளியே தெரியும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் உள்ளே ஒளிந்துகொள்ளும்.

இன்று இட்லி மாவு புளித்துப்போய்விட்டது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.

மே 9, வியாழன்

பண்ணையில் ஒரு பலகை உண்டு. சொந்தக்காரர்கள் அதில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம். டிசம்பருக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வது அதில் மட்டும்தான். "தீனி போட்டாச்சு." "நாப்பதுக்கு லாடம் மாத்தணும்." இந்த அளவுக்கு.

இன்று அவள் எழுதியிருந்தது: "கோர்ட்டுக்கு முன்னாடி பண்ணையையும் பிரிச்சுக்கலாமுங்களா."

மனுவில் பாத்திரம், பீரோ, ஸ்கூட்டர் எல்லாம் எழுதி யார் யாருக்கு என்று முடிவாகிவிட்டது. குதிரைகளை யாரும் எழுதவில்லை. வக்கீலிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

சரி என்று போட்டேன். வேறு என்ன போடுவது? கலப்பு வம்சத்தை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்று வந்தது. அவள் எப்போதும் அப்படித்தான். பதினாறு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னதில்லை. வீடு மாறினோம், உங்க இஷ்டம். அவள் தம்பி கல்யாணம் முடிந்த மறுநாளே ஊருக்குக் கிளம்பினோம், உங்க இஷ்டம். இப்படிப்பட்டவள் எதற்குப் பிரிய வேண்டும் என்று ஃபிலோமினா மேடத்திடமே கேட்டேன். அவர் ஃபைலில் எதையோ எழுதிக்கொண்டார்.

மே 14, செவ்வாய்

கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். ஹாலுக்குக் கலர். அவர் ஒரு ஆரஞ்சைத் தொட்டு இதுதான் என்றார். அந்த அம்மா பக்கத்தில் ஒரு வெளிர் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் பழகிப்போனது, யார் எந்த ஷேடில் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். உங்களுக்கு எப்படிங்க என்று நான்தான் அந்த அம்மாவைக் கேட்டேன். "அவரு இஷ்டம்" என்றார்.

இருபது லிட்டர் ஆரஞ்சு கலந்து கொடுத்தேன். நல்ல கலர் என்று அவரிடம் சொன்னேன். நல்ல கலர் இல்லை.

மே 18, சனி

அந்த அம்மா தனியாக வந்தார். டப்பா திறக்கவில்லை, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். கலந்த பெயிண்டை எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். வெள்ளை பேஸில் கலரை விட்டுக் குலுக்கிவிட்டால் பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. சொன்னேன். சரி என்று போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் முதலாளியிடம் கேட்டுப் பார்த்திருப்பேன்.

மத்தியானம் முழுக்க எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மே 26, ஞாயிறு

ஃபிலோமினா மேடம் போனில் பேசினார். எழுதுகிறீர்களா என்றார். எழுதுகிறேன் என்றேன். எதைப் பற்றி என்றார். குதிரை என்றேன். "அந்த ஃபோன் விஷயத்தை ஒரு தடவை எழுதிப் பாருங்க சார், நீங்க செஞ்ச மாதிரியே" என்றார். வசு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

எழுதுகிறேன். இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்டோபர் மாசம். வசு குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது, மில் மேனேஜர். வேடசந்தூரில் புது யூனிட் திறக்கிறார்கள், லேபுக்குப் பொறுப்பாளராக வசுமதியைப் போடலாம் என்று இருக்கிறோம், நாளைக்குள் சொல்லச் சொல்லுங்கள் என்றார். நான், "அவ அவ்வளவு தூரம் வரமாட்டாளுங்க சார்" என்றேன். அவர் வருத்தப்பட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் வெளியே வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். கேஸ் தீர்ந்துபோய் அந்தப் பேச்சில் மறந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து ஞாபகம் வந்தது, ஆனால் நாள் தாண்டிவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன். மூன்று மாசம் கழித்து மில் பொங்கல் விழாவில் அதே மேனேஜர், நீங்கள்தான் வேண்டாம் என்றுவிட்டீர்களே அம்மா என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தாள். ரசம் வைத்தாள். எனக்குப் பரிமாறினாள். நான் கை கழுவின பிறகு, "எனக்கு ஃபோன் வந்துச்சுங்களா?" என்றாள். உனக்குச் சிரமம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றேன். "உங்க இஷ்டம்" என்றாள்.

அன்றைக்குக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. போன வருஷம் அதே வேலை மறுபடி காலியானது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்காமல் செய்தது யார் என்று நான் கோர்ட்டிலேயே கேட்டேன்.

எழுதியாயிற்று. படித்துப் பார்த்தேன். 'மறந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை. சொன்னால் போய்விடுவாள் என்று பயந்தேன்.

மே 28, செவ்வாய்

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். நூறாம் நம்பரின் வம்சத்தை உட்கார்ந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். அதன் ஆத்தாளுக்கு அப்பன் எங்கள் கலப்பு வம்சத்தில் பிறந்தது, நீலம். விளையாட்டில் நிறச் சோதனை என்று ஒன்று உண்டு, வைத்துப் பார்த்தேன். வறட்டி நிறத்துக்குள்ளே நீலம் ஒளிந்திருக்கிறது.

என் ஆண் குதிரை புகைநீலம் இப்போது தரம் 89. அதை நூறாம் நம்பரோடு சேர்த்தால் குட்டி நீலமாக வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தரம் இரண்டுக்கும் நடுவில் 93 பக்கம் விழும், அதிர்ஷ்டம் இருந்தால் நாலைந்து ஏறும். நான்கு வருஷமாகத் தேடினது ஒரே ஒரு ஈற்றில் இருக்கிறது.

ஒரு பெட்டைக்கு ஆயுசில் ஆறு ஈற்றுதான். நூறாம் நம்பர் ஐந்து ஈன்றுவிட்டது, எல்லாம் தவிடு. மிச்சம் ஒன்று. அதற்கும் ஜூன் கடைசியில் வயது முடிந்து கதவு மூடிவிடும்.

அந்த ஒன்றை வசு எதற்கு வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய ஆண் குதிரை எண்பதாம் நம்பர், தரம் 96. இரண்டையும் சேர்த்து இன்னொரு வறட்டியைப் பெற்றுத் தரம் 99 என்று எழுதிவைத்துக்கொள்வாள்.

கேட்கலாம். கேட்டால் உங்க இஷ்டம் என்பாள். அப்புறம் எதற்குக் கேட்பது?

ஜூன் 1, சனி

மழை. கடையில் ஆளே இல்லை. மெஷினைத் துடைத்தேன், முனைகளில் காய்ந்த கலரை ஊசியால் எடுத்தேன். பண்ணைப் பக்கத்தை நான்கு தடவை திறந்து மூடினேன்.

ஜூன் 5, புதன்

பலகையில் அவள்: "பத்தாம் தேதி பிரிச்சுக்கலாம். நூறாம் நம்பர் குறிப்புல ஒண்ணு எழுதியிருக்கேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

ஒவ்வொரு குதிரைக்கும் பின்னால் குறிப்பு என்று ஒரு பக்கம் உண்டு. எழுத்து வேலை எல்லாம் அவளுடையது, நான் அதைத் திறந்ததே இல்லை. லேபில் நாள் முழுக்க எழுதியது போதாமல் வந்து இங்கேயும் எழுதுவாள். இந்தத் தேதி இத்தனை மதிப்பெண், இந்தக் கால் பலவீனம், இப்படி. எண்பதாம் நம்பரோடு சேர்க்கப் போகிறேன் என்று எழுதியிருப்பாள். பார்த்துவிட்டுச் சொல்லுங்க என்றால், பார்த்துவிட்டு நான் சரி என்று சொல்ல வேண்டும். பத்தாம் தேதி நூறாம் நம்பர் அவள் பக்கம் போய்விடும். பிறகு என் புகைநீலம் இங்கே, அது அங்கே.

ஜூன் 6, வியாழன்

காலை ஆறு மணி இருக்கும். பால் பொங்கட்டும் என்று அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சேர்த்துவிட்டேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருந்தது.

குட்டி பதினோராம் நாள் பிறக்கும். பதினேழாம் தேதி.

அவளுக்காகவும்தான் செய்தேன். அவள் வேலை மும்முரத்தில் மறந்துபோனால் ஒரு ஈற்று வீணாகியிருக்கும்.

ஜூன் 10, திங்கள்

இன்று பண்ணையைப் பிரிக்க வேண்டிய நாள். பிரிக்க முடியவில்லை. சினையாக இருக்கிற குதிரையை இன்னொரு பண்ணைக்கு மாற்ற முடியாது, ஒன்று பாக்கி இருந்தாலும் மொத்தப் பிரிவினையும் நிற்கும் என்று விளையாட்டு சொல்கிறது. அந்த விதி எனக்கு முன்பே தெரியும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்காகச் செய்யவில்லை.

பதினொரு மணிக்குப் பலகையில், "நூறாம் நம்பர் சினையா இருக்கு."

வயதாகிவிட்டது, வீணாகிவிடுமே என்று பார்த்தேன், புகைநீலத்தோடு சேர்த்திருக்கிறேன் என்று எழுதினேன். ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை. ஒருவருக்கு எமல்ஷன் கலந்தேன், அளவு தப்பிப் பத்து லிட்டர் வீண். முதலாளி திட்டினார். பன்னிரண்டரைக்கு வந்தது.

"உங்க இஷ்டம்."

கோபம் இல்லை. நல்ல வேளை.

ஜூன் 13, வியாழன்

வக்கீல் ரங்கசாமி கூப்பிட்டார். பத்தொன்பதாம் தேதி ஒரு பத்து நிமிஷ வேலைதான், ஜட்ஜ் அம்மா இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்பார், சம்மதம் என்று சொன்னால் முடிந்தது என்றார். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, சொல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். ஒருத்தர் மனசு மாறினாலும் மனு நிற்காது, அப்புறம் அந்தம்மா தனியாக வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டியதுதான் என்றார். "அப்படி ஏதாச்சும் யோசனை இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்றேன்.

இருக்கிறது. குட்டி நீலமாகப் பிறக்கட்டும். தரம் 95-ஐத் தாண்டட்டும். அதை அவளிடம் காட்டுவேன். நான்கு வருஷம் சேர்ந்து செய்தது கண் முன்னால் நிற்கும்போது அவளுக்கும் மனசு இளகும். இளகாவிட்டால் நான் சம்மதம் இல்லை என்று சொல்லிவிடுவேன். அவள் நல்லதுக்குத்தான்.

ஜூன் 16, ஞாயிறு

சாப்பாட்டைத் தட்டோடு மூடி வைத்தேன். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். தவிட்டு நிறத்தில் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். தவிட்டு நிறத்தில் பிறந்தால் நான் அவளுடைய கடைசி ஈற்றைத் திருடினவன். நீலமாகப் பிறந்தால்?

ஜூன் 17, திங்கள்

நீலம். தரம் 98.

பெட்டைக் குட்டி. உடம்பு மழை வருகிற நேரத்து வானம், பிடரி வெள்ளி. எழுந்து நிற்க முயற்சி பண்ணி இரண்டு தடவை விழுந்து எழுந்தது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சத்தியமாக அழுதேன். உலகத்தில் எவ்வளவோ பேர் இதை விளையாடுகிறார்கள், இப்படி ஒன்று யாரிடமும் இல்லை.

வசு என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன், அடுப்படிப் பக்கம் திரும்பி.

ஏழு நாளைக்குள் பெயர் வைக்க வேண்டும். நான்கு வருஷமாக ஒரு பெயர் தயாராக வைத்திருக்கிறேன். நேரில் காட்டிவிட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். பலகையில் எதுவும் எழுதவில்லை. அவளும் எதுவும் எழுதவில்லை. பார்த்திருப்பாளா?

ஜூன் 18, செவ்வாய்

சட்டையை இஸ்திரி போட்டேன். நாளைக்கு முதல் பஸ். போனில் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். ஃபிலோமினா மேடம் சொன்னபடி, நான் செய்த மாதிரியே.

வசு எனக்கு முன்னாலேயே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். நான் வாங்கித் தராத ஒரு சேலை, வெளிர் பச்சை. அவளுக்கு அந்த நிறம் இவ்வளவு பொருந்தும் என்று எனக்கு, கலர் கலக்கிறவனுக்கு, தெரியாமல் போயிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பிட்டாயா என்றேன், ஆச்சுங்க என்றாள். போனை எடுத்துக் குட்டியைக் காட்டினேன்.

பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், இதில் பொய் இல்லை. விரலால் பெரிதாக்கி அந்த வெள்ளிப் பிடரியைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்குதுங்க. கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"என்ன வசு, எண்பதாம் நம்பரோடதானே நீ..."

"குறிப்பைப் பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். அவள் எதிரே சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்திலேயே, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஜூன் ஐந்தாம் தேதி போட்டு எழுதியிருந்தது.

'கடைசி ஈற்று. நீங்கள் வைத்த நிறச் சோதனையைப் பார்த்தேன். புகைநீலத்தோடு சேர்க்கலாம். நாம் ஆரம்பத்தில் நினைத்தது இதுதானே. குட்டி பிறக்கிற வரைக்கும் பிரிக்க முடியாது, பரவாயில்லை, தள்ளி வைக்கலாம். கோர்ட்டில் என்ன சொல்வது என்று நானும் இன்னொரு தடவை யோசிக்கிறேன். சரி என்றால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். சேர்ந்தே பட்டனை அழுத்தலாம்.'

இரண்டு தடவை படித்தேன். நான் பட்டனை அழுத்தினது ஆறாம் தேதி வியாழக்கிழமை. மூன்று நாள் பொறுத்திருந்தால் ஞாயிறு.

பிறந்த குட்டி ஒன்றுதான். சேர்ந்து அழுத்தியிருந்தாலும் இதேதான் பிறந்திருக்கலாம், தவிடாகவும் பிறந்திருக்கலாம். தவிடாகப் பிறந்திருந்தாலும் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருப்பாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். ஜட்ஜ் அம்மா முதலில் வசுவைக் கேட்டார், யாராவது வற்புறுத்தினார்களா, சுய விருப்பத்தில்தான் வந்தீர்களா என்று. "என் இஷ்டந்தானுங்க அம்மா" என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் வாயில் அந்த வார்த்தையை இந்த மாதிரி கேட்டதில்லை.

அடுத்தது என்னைக் கேட்டார். ரங்கசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதம் இல்லை என்கிற இரண்டு வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அவளைக் கட்டிப்போட்டிருக்கலாம். இன்னும் பல வருஷம் மாசம் ஒரு தடவை இதே வராந்தாவில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

நான் அவள் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும் வசு?" என்று கேட்டேன்.

இங்கே பார்த்துப் பேசுங்கள் என்று ஜட்ஜ் அம்மா சொன்னார். ஆனால் அவள் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

வசு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "போகணுமுங்க" என்றாள்.

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ரங்கசாமி விரலால் காட்டினார், போட்டேன்.

வெளியே வந்து அவள் பஸ்ஸுக்குப் போனாள். நான் இன்னொரு பக்கம் போனேன்.

ஜூன் 20, வியாழன்

கடைக்குப் போனேன். வேலை பார்த்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று பலகையில் கேட்டேன்: நூறாம் நம்பரும் குட்டியும் உன் பக்கம் வரட்டும், உனக்குச் சரியா? அரை நாள் கழித்து "சரிங்க" என்று வந்தது. உங்க இஷ்டம் என்று வரவில்லை. கலப்பு வம்சத்தையும் அவளைக் கேட்டேன். நாலு குதிரையின் பெயரைச் சொன்னாள், மற்றதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இப்படித் தெளிவாக அவள் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான்தான் கேட்டதில்லையோ என்னவோ.

குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. அவள் வைப்பாள். நாளைதான் கடைசி நாள்.

இன்று காலை பிரிக்கப் போனபோது ஒரு எச்சரிக்கை வந்தது. பிரித்த பிறகு மற்றவர் எழுதிய குறிப்புகள் அழிந்துவிடும், உறுதியாகவா? நிறுத்திவிட்டேன். அப்போதுதான் தோன்றியது, அவள் குதிரைக்கு மட்டுமில்லை, என் குதிரைகளுக்கும் அவள்தானே குறிப்பு எழுதியிருப்பாள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. காலையிலிருந்து இந்த டைரியில் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கை வலிக்கிறது. பின்பக்கத்தில் முப்பது பக்கம் நிறைந்துவிட்டது. சிலதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

'மழைமேகம். முன்னங்கால் பலம் குறைவு, விற்றுவிடச் சொல்லலாம். இவருக்கு ரொம்பப் பிடித்த குதிரை. சொல்லவில்லை.'

'ஈரக் களிமண். வயிற்றடியில் காசு அளவுக்கு ஒரு வெள்ளை இருக்கிறது. அவர் இன்னும் கவனிக்கவில்லை. காட்டினால் சந்தோஷப்படுவார்.'

உடனே குதிரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருக்கிறது. நிறம் என் துறை என்று பேர்.

கடைசியாகத் திறந்தது புகைநீலம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி எழுதியது. அந்த போன் வருவதற்குச் சில நாள் முன்பு.

'தரம் 85 ஆகிவிட்டது, நல்ல வளர்ச்சி. வேடசந்தூர் லேபுக்கு என்னைப் போடலாம் என்று மில்லில் பேச்சு அடிபடுகிறது. கூப்பிட்டால் போக ஆசையாக இருக்கிறது. திண்டுக்கல்லில் பெரிய பெயிண்ட் கடைகள் இருக்கின்றன, இவர் கைக்கு உடனே வேலை கிடைக்கும். ஃபோன் வந்ததும் இவரைக் கேட்க வேண்டும். கேட்டால் வருவார்.'

கேட்டிருந்தால் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். தெரியாது. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் எழுதி முடித்தாயிற்று. 'உறுதியாகவா?' என்று திரையில் அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது. பலகையில் அவளுக்கு எழுதினேன்: குறிப்பு எல்லாம் படித்துவிட்டேன், இப்போது பிரிக்கட்டுமா?

பதில் வரட்டும். வந்த பிறகு அழுத்துகிறேன்.